வரிசை எண் பெயர் ஆகாது

சற்று நீளமான பதிவு. மொழியியல் மாணவர்களும் கள ஆய்வில் ஈடுபட்டிருப்போரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கணினியியல் நண்பர்களுக்கு இதன் நடுப்பகுதி தெரிந்த செய்தியாகவே இருக்கும். முடிவில் நான் வந்து சேரும் கருத்தோடு அவர்கள் உடன்படுகிறார்களா என்பதை அறியவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் 14 மணி நேரப் பேச்சுப் பதிவுகள் அழிந்துபோயின. பஸ்தர் பகுதியில் பேசப்படும் பர்ஜி என்னும் நடுத் திராவிட மொழியின் பதிவுகள் அவை. வைரஸ் ஏதும் தாக்கவில்லை. வன்தட்டு பழுதாகவும் இல்லை. ஒவ்வொரு களப்பயணம் முடிந்ததும் மூலத் தட்டிலிருந்து காப்புத் தட்டுக்கு அனைத்தையும் அப்படியே படியெடுக்க ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். மூலத்தின் பெயர் எஸ்டிபி, நகலின் பெயர் எஸ்டிசி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அன்று மாலை மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. கணினியும் மறுபடி தொடங்கியது. இம்முறை காப்புத் தட்டு முதலில் விழித்துக்கொண்டது. எனவே அதற்கு எஸ்டிபி என்ற பெயர் கிடைத்தது. மூலத்துக்கு எஸ்டிசி. ஸ்கிரிப்ட் தனக்குச் சொல்லப்பட்டதைப் பிழையின்றிச் செய்தது: பழைய நகலை எடுத்துப் புதிய மூலத்தின்மீது எழுதியது. பதிவுக்கருவியின் மெமரி கார்டுகளை அதற்கு முன்பே துடைத்து அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாக்கியிருந்தோம். ஒரு வாரம் கழித்து ஒலிபெயர்ப்புக்கு உட்கார்ந்தபோதுதான் இரண்டு தட்டுகளிலும் அந்தப் பயணமே இல்லை என்பது தெரிந்தது.

அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான்தான். ஆகவே இதைப் பிறர்மீதான புகாராக எழுதவில்லை. மொழியியலில் முதுகலை முடித்த ஒருவன், பெயருக்கும் சுட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் எழுதித் தேறிய ஒருவன், தன் கணினியில் அதை எப்படித் தவறவிட்டான் என்பதே என்னை உறுத்திய கேள்வி. விடை தேடப் புகுந்தபோது, இயங்குதளங்கள் கருவிக் கோப்புகளை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற வரலாற்றுக்குள் நுழைய நேர்ந்தது. அந்த வரலாறு பெரும்பாலும் பெயரிடுதல் பற்றிய விவாதமாகவே இருந்தது எனக்கு வியப்பளித்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ், கருவிகளையும் கோப்புகளைப் போலவே காட்டியது. வன்தட்டு, முனையம், அச்சுப்பொறி ஆகியன 'டெவ்' என்னும் அடைவின்கீழ் ஒவ்வொரு பெயருடன் நிற்கும். கோப்பைத் திறந்து படிக்கவும் எழுதவும் தெரிந்த எந்த நிரலும் அதே வழியில் கருவியோடும் பேசலாம். ஆனால் அந்தக் கோப்புக்குள் தரவு ஏதும் இராது. கருவி எழுத்தெழுத்தாகப் பேசுவதா, தொகுதி தொகுதியாகப் பேசுவதா என்ற வகைக்குறிப்பும், முதன்மை எண், துணை எண் என்ற இரண்டு எண்களும் மட்டுமே இருக்கும். முதன்மை எண் எந்த டிரைவரை அழைப்பது என்பதைச் சொல்லும். துணை எண் அந்த டிரைவரின் கையில் உள்ள எந்தக் கருவி என்பதைச் சொல்லும். லினக்ஸில் எஸ்டிஏ என்ற வட்டுக்கு முதன்மை எண் 8, துணை எண் 0. எஸ்டிபிக்கு 8, 16. இடைப்பட்ட 15 எண்கள் முதல் வட்டின் பகுதிகளுக்கு உரியவை. பெயர் மனிதர்களுக்காக, கெர்னல் பார்ப்பது எண்களையே.

நீண்ட காலம் இந்தக் கோப்புகள் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டன. மேக்டெவ் என்ற ஸ்கிரிப்ட், கணினியில் இருக்கக்கூடிய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோப்பை உண்டாக்கிவிடும். ஒரே ஒரு வட்டு உள்ள கணினியிலும் பல ஆயிரம் பெயர்கள் நிறைந்திருக்கும். எந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையில் பொருள் இருக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால்தான் அறியலாம். இல்லையென்றால் அப்படியொரு கருவி இல்லை என்ற பிழைச்செய்தி வரும். பேசுவோர் எவரும் பயன்படுத்தாத சொற்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய அகராதி போன்றது அது. எண்களுக்கும் பஞ்சம் ஏற்பட்டது. லினக்ஸ் 2.4 வரை முதன்மை எண்ணுக்கு 8 பிட், துணை எண்ணுக்கு 8 பிட். வட்டு ஒன்றுக்கு 16 துணை எண்கள் வீதம் ஒரு முதன்மை எண்ணின்கீழ் 16 வட்டுகளே அடங்கும். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6இல்தான் இது முறையே 12, 20 பிட்டுகளாக விரிந்தது. அதற்குள் யுஎஸ்பி பரவிவிட்டது. காலையில் செருகி மாலையில் பிடுங்கும் கருவிகளுக்கு முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் எழுதி வைப்பது பொருளற்றதாயிற்று.

எனவே தேவைப்படும்போது மட்டும் கோப்பை உருவாக்குவது என்ற எண்ணம் வலுப்பெற்றது. ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ், 2001இல் வந்த லினக்ஸ் 2.4இல் இடம்பெற்றது. டிரைவர் ஒரு கருவியைக் கண்டதும் கெர்னலே அதற்குரிய பெயரை அடைவில் தோன்றச் செய்யும். இதில் மற்றொரு வசதியும் உண்டு. இல்லாத ஒரு பெயரை நிரல் தேடினால், அதனுடன் இயங்கிய துணைச்செயலி அதற்குரிய டிரைவரை ஏற்றி, அப்பெயரைப் பிறப்பிக்க முயலும். அதாவது, அழைப்பு முன்னே, பொருள் பின்னே.

டெவ்எஃப்எஸ் நிலைக்கவில்லை. நிரலில் குறைகள் சுட்டப்பட்டன என்பது ஒரு காரணம். என் பார்வையில் அதைவிட முக்கியமானது, பெயர் வைக்கும் கொள்கையைக் கெர்னலுக்குள் பூட்டி வைத்தது. வட்டு எந்த ஏற்பியில், எந்தப் பாட்டையில், எந்த இலக்கில் இருக்கிறது என்று அடுக்கிச் சொல்லும் நீண்ட பெயர்களை அது விதித்தது. பயன்படுத்துவோருக்குப் பிடிக்காவிட்டால் மேலே ஒரு மாற்றுப்பெயரை ஒட்டிக்கொள்ளலாமே தவிர, மூலப்பெயரில் அவர்களுக்குக் குரல் இல்லை.

2003இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் முன்வைத்த யுடெவ் இந்தப் பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. கருவி வந்தது என்ற அறிவிப்பும், அதைப் பற்றிய விவரங்களும் கெர்னலின் வேலை. என்ன பெயர், யாருக்கு அனுமதி என்பவை கெர்னலுக்கு வெளியே, பயனர் வெளியில் முடிவாகும். பென் டிரைவைச் செருகியதும் கெர்னல் அதன் தயாரிப்பாளர், மாதிரி, வரிசைக்குறி முதலிய பண்புகளை சிஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில் வெளியிட்டு ஒரு செய்தி அனுப்பும். யுடெவ் அதைப் பெற்று, பண்புகளைப் படித்து, நாம் எழுதி வைத்த விதிகளோடு ஒப்பிட்டுப் பெயரிடும். கருவியை எடுத்தால் பெயரும் மறையும். டெவ்எஃப்எஸ் 2006இல் கெர்னலிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 2009 இறுதியில் வந்த 2.6.32இல் டெவ்டெம்ப்எஃப்எஸ் நுழைந்தது. கருவிக் கோப்பை அதன் அடிப்படைப் பெயரோடு கெர்னலே மீண்டும் உருவாக்கத் தொடங்கியது. கணினி தொடங்கும் முதல் நொடிகளில் யுடெவ் எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் பயன். 'அப்படியானால் டெவ்எஃப்எஸ்தான் சரி என்று ஆகிவிட்டதே' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். பாதி உண்மை. கோப்பை உண்டாக்கும் வேலை கெர்னலுக்குத் திரும்பியது. ஆனால் நிலையான பெயர்களைச் சூட்டும் உரிமை திரும்பவில்லை. அழைப்பு முன்னே வரும் முறையும் முழுதாக ஒழியவில்லை. ஃபியூஸ், லூப்-கன்ட்ரோல் போன்ற சில பெயர்கள் டிரைவர் ஏறும் முன்பே வைக்கப்பட்டு, முதன்முறை திறக்கும்போது டிரைவரை வரவழைக்கின்றன. நீங்கள் ஒரு முனையச் சாளரம் திறக்கும்போதும், பிடிஎம்எக்ஸ் என்ற ஒரே கோப்பைத் திறப்பதன் விளைவாக அந்தச் சாளரத்துக்கென்று புதிய கருவிக் கோப்பு ஒன்று பிறக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் கருத்து இது. தேவைக்கேற்பக் கோப்பை உருவாக்குவது சரியான முடிவு, அதில் ஐயமில்லை. ஆனால் அது பெயரின் சிக்கலைத் தீர்க்கவில்லை. அதைத் தீர்க்கும் பொறுப்பை நம் கையில் தந்தது. நாம்தான் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை.

எஸ்டிபி என்பதை நான் பெயரென்று எண்ணியிருந்தேன். அது மருத்துவமனையில் தரும் டோக்கன் எண் போன்றது. இன்று 7ஆம் எண்ணுக்கு உரியவர் நாளை வேறொருவர். எந்த மருத்துவரும் நோயாளியின் கோப்பில் '7ஆம் டோக்கனுக்கு இந்த மருந்து' என்று எழுதி மூடமாட்டார். நான் அதைத்தான் எழுதியிருந்தேன். மொழியியலில் சொன்னால், 'நான்', 'நீ', 'இங்கே', 'நேற்று' போன்ற சுட்டுச்சொற்கள் பேசும் சூழல் மாறினால் பொருளும் மாறுபவை. எஸ்டிஏ, எஸ்டிபி ஆகியனவும் இத்தகையனவே. 'இம்முறை இரண்டாவதாக வந்தது' என்பதற்குமேல் அவற்றுக்குப் பொருளில்லை. வட்டுகளைக் கண்டறியும் பணி இணையாக நடப்பதால் அந்த வரிசைக்கும் உறுதி கிடையாது.

இதில் மிகக் கொடியது, கணினி ஒரு பிழைச்செய்தியும் தராததுதான். ஸ்கிரிப்ட் சொன்ன இரண்டு பெயர்களும் இருந்தன. இரண்டுக்கும் பொருளும் இருந்தது. இலக்கணப் பிழையற்ற வாக்கியம் தவறான ஆளைச் சுட்டினால் இலக்கணம் எச்சரிக்காது. மேக்டெவ் காலத்தில் பொருளில்லாத பெயர் பிழையாக வெளிப்பட்டது. இன்று பெயர் இருந்தால் பொருளும் இருக்கிறது என்ற நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. எந்தப் பொருள் என்ற கேள்வி மறைந்துவிட்டது.

'இதற்குத்தான் யுயுஐடி இருக்கிறதே' என்று கணினி அறிந்தோர் உடனே சொல்வர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இங்கே நம் இலக்கண மரபு எனக்குக் கைகொடுத்தது. பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறோம். யுடெவ் 'டிஸ்க்' என்னும் அடைவின்கீழ் அமைத்துத் தரும் நிலைப்பெயர்களை அந்தக் கண்ணோடு பாருங்கள். யுயுஐடி ஓர் இடுகுறி: காரணமற்ற நீண்ட எண், ஆனால் மாறாதது. பாதைவழிப் பெயர் காரணப்பெயர்: எந்தத் துளையில் செருகப்பட்டது என்ற இடத்தைச் சொல்கிறது. அடையாளவழிப் பெயரும் காரணப்பெயரே: தயாரிப்பாளர், மாதிரி, வரிசைக்குறி என்று குலமும் ஊரும் சொல்கிறது. லேபிள் நாமே சூட்டுவது.

இவை நான்கும் ஒரே பொருளின் பெயர்கள் அல்ல என்பதுதான் முக்கியம். யுயுஐடியும் லேபிளும் தட்டில் எழுதப்பட்டுள்ள கோப்பு முறைமைக்கு உரியவை. அடையாளவழிப் பெயர் தட்டுக்கு உரியது. பாதைவழிப் பெயர் துளைக்கு உரியது. பண்டம், பாத்திரம், பரண் என்று வைத்துக்கொள்ளலாம். பாலை இறக்கு என்றால் பாத்திரத்தை இறக்குவோம். அதைத் தானியாகுபெயர் என்று பள்ளியில் படித்தோம். மனிதர் சூழலால் புரிந்துகொள்கிறார். ஸ்கிரிப்ட் அப்படிப் புரிந்துகொள்ளாது. என் நிகழ்வில் காப்புத் தட்டு, மூலத் தட்டின் பிட்டுக்குப் பிட்டு நகல். எனவே யுயுஐடியும் நகலெடுக்கப்பட்டு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. யுயுஐடியை நம்பியிருந்தால் இரண்டில் எந்தத் தட்டு அகப்படும் என்பதற்கு உறுதி இருந்திராது. நான் அதே பள்ளத்தில் வேறு பக்கமாக விழுந்திருப்பேன். எனக்குத் தேவைப்பட்டது பாத்திரத்தின் பெயர்.

பாத்திரத்தின் பெயரும் குறையற்றதல்ல. மலிவான யுஎஸ்பி உறைகள் சில, உள்ளே இருக்கும் தட்டின் வரிசைக்குறியை மறைத்துத் தம்முடையதைக் காட்டும். சிலவற்றில் ஒரே மாதிரியின் எல்லா உறைகளும் ஒரே குறியைச் சொல்லும். பதிவுக்கருவிகளின் மெமரி கார்டில் யுயுஐடி என்ற இடத்தில் வருவது 8 இலக்கமுள்ள ஒரு சிறு எண்ணே; கார்டைப் புதிதாக வடிவமைத்தால் அதுவும் மாறலாம். ஆகவே எந்தப் பெயரையும் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. எதன் பெயரைச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்கிறேன்.

இன்னொரு மறுப்பும் உண்டு: 'முழுத் தட்டையும் படியெடுத்தது தவறு, கோப்பு கோப்பாக ஒத்திசைத்திருக்க வேண்டும்.' ஒப்புக்கொள்கிறேன், இப்போது அப்படித்தான் செய்கிறோம். எனினும் வரிசைப்பெயரைக் கொண்டு தட்டுகளை இணைத்துவிட்டு, மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து நீக்கு என்ற கட்டளையோடு ஒத்திசைத்தால் அழிவு அதேதான். கருவியை மாற்றியதால் சுட்டுப்பிழை தீராது.

நிலைப்பெயர்கள் நீளமானவை, வாயில் நுழையாதவை என்ற குறையும் சொல்லப்படுகிறது. 2013இல் சிஸ்டம்டி பிணைய அட்டைகளுக்கு எத்0 என்ற பழைய பெயருக்கு மாற்றாக, அட்டை இருக்கும் இடத்தைச் சொல்லும் பெயர்களை வழக்கமாக்கியபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான குறைதான். ஆனால் யுடெவ் விதி எழுதும் உரிமை நமக்கு இருக்கிறதே! இந்த வரிசைக்குறியுள்ள தட்டு வந்தால் 'பர்ஜி-மூலம்' என்ற மாற்றுப்பெயரைச் சூட்டு என்று ஒரே வரியில் எழுதலாம். இன்று எங்கள் ஆய்வகத்தில் அத்தகைய இரண்டு வரிகள் உள்ளன. தட்டுகளின் மேல் ஒட்டிய தாளிலும் அதே பெயர்தான். ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கும் முன் இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா, இரண்டும் வேறு வேறு தட்டுகளா என்று பார்க்கும்; ஐயம் வந்தால் எதையும் தொடாமல் நின்றுவிடும்.

கவனியுங்கள்: பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் தம் சொந்த வட்டை வரிசைப்பெயரால் குறிப்பதைக் கைவிட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. எந்தத் தட்டை எங்கே இணைப்பது என்ற பட்டியலில் நிறுவும்போதே யுயுஐடியை எழுதிக்கொள்கின்றன. இயங்குதளம் தன்னைக் காத்துக்கொள்ள நம்பாத பெயரை, திரும்பக் கிடைக்காத தரவைக் காக்க நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எனவே என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். களமொழியியல் கற்பிக்கும் துறைகள் ஒலிவாங்கியைப் பிடிக்கவும் ஒப்புதல் படிவம் வாங்கவும் சொல்லித்தருகின்றன. பதிவு எந்தப் பெயரின்கீழ் எந்தத் தட்டில் போய் உட்காருகிறது என்பதையும் அதே பாடத்தில், அதே கண்டிப்போடு கற்பிக்க வேண்டும். 'அது கணினிக்காரர் வேலை' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பெயரிடும் உரிமை கெர்னலிடமிருந்து வெளியே வந்ததே, எந்தக் கருவி யாருக்கு எது என்பதைப் பயன்படுத்துவோரே அறிவர் என்பதால்தான். எது மூலம், எது நகல் என்பதை எந்த நிரலரும் நமக்காக முடிவு செய்ய இயலாது.

அழிந்த பதிவுகளைத் தேடி மீண்டும் அதே ஊருக்குப் போனேன். உறவுமுறைச் சொற்களைத் தன் திருமணக் கதையோடு சேர்த்து இரண்டு மணி நேரம் விரிவாகச் சொன்ன மூதாட்டி, நடந்ததைக் கேட்டுவிட்டு மறுபடியும் சொல்ல இசைந்தார். சொற்கள் எல்லாம் கிடைத்தன, பட்டியல் நிறைந்துவிட்டது. கதை 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது. முன்பு இடையிடையே பாடிய இடங்களை இம்முறை அவர் கடந்து சென்றார். மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஆய்வகத்தில் காப்புநகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் இன்றிரவு அதைத் திறந்து பாருங்கள். அதில் எஸ்டிபி என்று எங்கேனும் எழுதியிருந்தால், அதை மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.